எழுபது வயசுக்குக் கேக்காத வருமானச் சான்றிதழைப் பச்சைக் குழந்தைகிட்ட ஏன் கேக்குறோம்?

1/ நீளமான த்ரெட். கொஞ்சம் கோபமாவும் இருக்கும். வீட்டுல கர்ப்பிணிப் பெண்ணோ கைக்குழந்தையோ இருந்தா கடைசி வரைக்கும் படிங்க. இந்த வாரமே நீங்க செஞ்சு வைக்க வேண்டியது என்னன்னு கடைசியில எழுதியிருக்கேன்.

2/ நான் அரசு மருத்துவமனை டியூட்டி டாக்டர். எம்.பி.பி.எஸ். மட்டும்தான், ஸ்பெஷலிஸ்ட் கிடையாது. ராத்திரி கேஷுவாலிட்டியில முதல்ல பார்க்கறது நான்தான். "பெட் இருக்கா சார்"னு நாலு ஊருக்குப் போன் போடறதும் நான்தான். அதனால இது பாலிசி நிபுணர் எழுதுற கட்டுரை இல்ல. போன் போட்டுப் போட்டுக் காது சூடானவன் எழுதுறது.

3/ சில மாசத்துக்கு முன்னாடி, விடியக்காலை ரெண்டு மணி. ஒரு தனியார் ஆம்புலன்ஸ் வந்து நின்னுச்சு. உள்ள பிறந்து ஆறே நாளான குழந்தை. எடை 1.6 கிலோ. 33 வாரத்துலயே பிறந்தது. கூட அப்பா, டைல்ஸ் ஒட்டற வேலை, 26 வயசு இருக்கும். பக்கத்துல அவரோட மாமியார். அவங்க கையில ஒரு மஞ்சப்பை, பை நிறைய பில்.

4/ ஒரு தனியார் மருத்துவமனையில பிரசவம். குழந்தைக்கு மூச்சுத் திணறல்னு என்.ஐ.சி.யு.ல வெச்சிருக்காங்க. ஆறு நாள்ல பில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிடுச்சு. முதல்ல கம்மல், வளையல் அடகு. அப்புறம் வட்டிக்குக் கடன். அப்புறம் தாலிக்கொடி. ஆறாவது நாள் ராத்திரி, "இதுக்கு மேல கட்ட முடியாதுன்னா ஜி.எச்.சுக்குக் கொண்டு போங்க"ன்னு கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிட்டாங்க.

5/ "காப்பீட்டு அட்டை இல்லையாப்பா?"ன்னு கேட்டேன்.
"இருக்கு சார். ஆனா இவ பேரு அதுல இல்ல, செல்லாதுன்னுட்டாங்க."
கல்யாணமாகி ஒரு வருஷம். பொண்ணு பேரை அப்பா வீட்டு ரேஷன் கார்டுல இருந்து எடுத்தாச்சு. புருஷன் வீட்டுக் கார்டுல சேர்க்க மனு போட்டிருக்காங்க, நிலுவையில இருக்கு. தலைப்பிரசவம், அதனால தாய் வீட்டுக்கு வந்திருக்கா.

6/ அதாவது, கவர்மென்ட் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அந்தப் பொண்ணு அப்பா வீட்டுலயும் இல்ல, புருஷன் வீட்டுலயும் இல்ல. அவ பெத்த குழந்தை எந்த வீட்டுக் கணக்கு? அந்த ஆஸ்பத்திரி சொன்னது விதிப்படி சரியா தப்பான்னு ராத்திரி நேரத்துல நின்னு வாதாடற நிலைமையில அந்தப் பையன் இல்ல. குழந்தை வென்டிலேட்டர்ல இருக்கும்போது எந்த அப்பனும் இருக்க மாட்டான்.

7/ குழந்தை பிழைச்சிருச்சு. எங்க பச்சிளம் குழந்தைகள் வார்டுல 19 நாள் இருந்துட்டு வீட்டுக்குப் போச்சு. எங்ககிட்ட ஒரு பைசா செலவு இல்ல. யாரும் சாகல, அதனால இது செய்தியும் ஆகல. ஆனா அந்தக் குடும்பம் இன்னும் ரெண்டு மூணு வருஷத்துக்கு வட்டி கட்டும். அந்தப் பொண்ணு சாப்பிட வேண்டிய முட்டையும் பாலும் அந்த வட்டியிலதான் போகும்.

8/ இந்தக் கதையைச் சொன்னா ரெண்டு பதில் வரும்.
ஒண்ணு: "ஜி.எச்.ல எல்லாம் ஃப்ரீதானே, அவங்களை யாரு பிரைவேட்டுக்குப் போகச் சொன்னது?"
ரெண்டு: "பிரசவத்துக்கும் கார்டைக் காட்டி எந்த பிரைவேட்லயும் சேரலாம்னு ஆக்கிட்டா முடிஞ்சுது. ஜி.எச். எதுக்கு?"
ரெண்டுமே தப்பு. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

9/ முதல்ல, ஏற்கனவே உங்க உரிமையா இருக்கறது என்னன்னு தெரிஞ்சுக்கங்க. 2011 ஜூன்ல இருந்து ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் நாடு முழுக்க இருக்கு. அரசு மருத்துவமனையில பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், பரிசோதனை, சாப்பாடு, போக வர வண்டி எல்லாம் இலவசம். ஒரு வயசு வரைக்கும் நோய்வாய்ப்பட்ட குழந்தைக்கும் இலவசம். இதுக்கு வருமானச் சான்றிதழ் கிடையாது. கார்டும் கிடையாது.

10/ அப்புறம் காப்பீடு. தமிழ்நாட்டுல 2009 ஜூலையில கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்துச்சு. 2012 ஜனவரியில முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமா மாறுச்சு. 2018ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் வந்து அதோட இணைஞ்சுது. இப்ப ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. தி.மு.க. ஆரம்பிச்சது, அ.தி.மு.க. வளர்த்தது, ரெண்டு பேரும் நிறுத்தல. நம்ம ஊர்ல இது அபூர்வம்.

11/ இந்தக் கார்டு வேலை செய்யும்போது எவ்வளவு பெரிய விஷயம்னு நான் கண்ணால பார்த்திருக்கேன். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு ஒரு ஏழு வயசுப் பொண்ணுக்கு இதயத்துல முணுமுணுப்புச் சத்தம் கேட்டு எங்ககிட்ட அனுப்புச்சு. எக்கோ எடுத்தா ஓட்டை. கூலி வேலை செய்யற அம்மா. பெரிய ஆஸ்பத்திரியில, கார்டுல, ஆபரேஷன். இப்ப அந்தப் பொண்ணு சைக்கிள் ஓட்டுது.

12/ அதனால "இன்சூரன்ஸே ஏமாத்து வேலை"ன்னு சொல்ற என்னோட தோழர்களுக்கும் நான் உடன்பாடு இல்ல. இதய ஆபரேஷன், காது கேக்காத குழந்தைக்குக் காக்ளியர் கருவி, குழந்தைப் புற்றுநோய் இதெல்லாம் ஒவ்வொரு மாவட்ட ஜி.எச்.லயும் நாளைக்கே செய்ய முடியாது. செய்ய முடியற இடத்துக்குக் குழந்தையைக் கொண்டு போக ஒரு பாலம் வேணும். கார்டு அந்தப் பாலம்.

13/ என் சண்டை பாலத்தோட இல்ல. பாலத்தோட வாசல்ல உக்காந்து, ஆறு நாள் குழந்தைகிட்ட "உன் குடும்ப வருமானம் எவ்வளவு, ரேஷன் கார்டுல பேர் இருக்கா"ன்னு கேக்கறோம் பாருங்க, அதோடதான்.

14/ இப்ப அந்த வருமான வரம்பைப் பார்ப்போம். முதல்ல வருஷத்துக்கு 72,000 ரூபாய். பல வருஷம் அப்படியே இருந்துச்சு. இப்போ 1,20,000. மாசத்துக்கு 10,000. இது ஒரு ஆளோட வருமானம் இல்ல, மொத்தக் குடும்பத்தோட வருமானம்.

15/ கணக்குப் போடுங்க. ஒரு நாள் கூலி 400 ரூபாய்னு வைங்க. மாசம் 25 நாள் வேலை. 10,000. ஒரே ஒரு ஆள் கூலி வேலைக்குப் போனாலே குடும்பம் வரம்பைத் தொட்டுடுது. பொண்டாட்டியும் வேலைக்குப் போனா வரம்பு தாண்டிடும். அதாவது, உண்மையைச் சொன்னா நம்ம ஊர்ல முக்கால்வாசிக் கூலிக்காரக் குடும்பம் "ஏழை" லிஸ்ட்ல வராது!

16/ அப்ப எப்படி இத்தனை கோடி பேர் கார்டு வெச்சிருக்காங்க? உங்களுக்கே தெரியும். வி.ஏ.ஓ. ஆபீஸ்ல எல்லாரும் 72,000, 96,000ன்னு எழுதி வாங்கறோம். வி.ஏ.ஓ.வுக்கும் தெரியும், தாசில்தாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வைத்தியம் வேணும்னா முதல்ல பொய் சொல்லுன்னு ஏழைக்கு நாமளே பழக்கி விட்டிருக்கோம்.

17/ இந்தப் பொய்யைச் சொல்லத் தெரிஞ்சவன் கார்டு வாங்கிடறான். தெரியாதவன் யாரு? போன வருஷம் கல்யாணமாகி வந்த 20 வயசுப் பொண்ணு. செங்கல் சூளைக்கு வந்திருக்கிற ஒடிசா குடும்பம். புருஷன் விட்டுட்டுப் போனவ. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டு ரெண்டு வீட்டுக் கார்டுலயும் பேர் இல்லாதவ. சரியா யாருக்கு வேணுமோ அவங்கதான் வெளிய நிக்கறாங்க.

18/ இப்ப தலைப்புக்கு வரேன். 2024 அக்டோபர்ல மத்திய அரசு ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு. 70 வயசு ஆன யாரா இருந்தாலும், வருமானம் எவ்வளவா இருந்தாலும், ஆயுஷ்மான் பாரத்ல 5 லட்சம் வரை காப்பீடு. கோடீஸ்வரரா இருந்தாலும் சரி. வயசு மட்டும்தான் தகுதி.

19/ நான் இதை எதிர்க்கல. என் அப்பத்தாவுக்கும் 70 தாண்டிடுச்சு. ஆனா ஒரு கேள்வி. வயசானவங்களுக்கு நோய் வர வாய்ப்பு அதிகம், அதனால வருமானம் பார்க்க வேண்டாம்னு முடிவு பண்ணோம். சரி. பிறந்த முதல் 28 நாள் மாதிரி ஆபத்தான 28 நாள் ஒரு மனுஷனோட வாழ்க்கையில வேற எப்ப வருது? பிரசவ நாள் மாதிரி ஆபத்தான நாள் ஒரு இளம்பெண்ணுக்கு வேற எது?

20/ எழுபதுக்குக் கேக்காத வருமானச் சான்றிதழை ஆறு நாள் குழந்தைகிட்ட ஏன் கேக்கறோம்? எனக்குத் தெரிஞ்ச ஒரே பதில் கசப்பானது. தாத்தா ஓட்டுப் போடுவார். குழந்தை போடாது.

21/ "வருமான வரம்பு இல்லைன்னா பணக்காரனும் அனுபவிப்பானே?" வழக்கமான கேள்வி.
பதில் ஒண்ணு: போலியோ சொட்டு மருந்துக்கு வருமானச் சான்றிதழ் கேட்டோமா? எல்லாக் குழந்தையும் வாய் திறந்துச்சு, எல்லாக் குழந்தைக்கும் ரெண்டு சொட்டு விட்டோம். 2011 ஜனவரியில கடைசி கேஸ். 2014 மார்ச்சுல போலியோ இல்லாத நாடுன்னு சான்றிதழ் வந்துச்சு. தாசில்தார் கையெழுத்துக்குக் காத்திருந்தா வந்திருக்குமா?

22/ பதில் ரெண்டு: நம்ம ரேஷன் கடை. பல மாநிலத்துல ஏழைக்கு மட்டும்னு பிரிச்சப்பவும் தமிழ்நாடு எல்லாருக்கும்னு வெச்சுச்சு. எல்லாருக்கும் கார்டு இருக்கறதாலதான் கடையில அரிசி மோசமா இருந்தா தெருவே கேள்வி கேக்குது. ஏழைக்கு மட்டும்னு நடத்தற எதுவும் தரமா இருந்ததா சரித்திரம் இல்ல. கேள்வி கேக்கத் தெரிஞ்சவங்களும் அதே வரிசையில நிக்கணும்.

23/ பதில் மூணு: வரம்பு வெச்சதால மோசடி நின்னுடுச்சா? 2023ல சி.ஏ.ஜி. அறிக்கை ஆயுஷ்மான் பாரத் பதிவுகளைப் பார்த்துட்டு, ஒரே ஒரு செல்போன் நம்பர்ல சுமார் ஏழரை லட்சம் பேர் பதிவாகியிருக்காங்கன்னு சொல்லுச்சு. திருடறவன் எந்தக் கதவு வழியாவும் வந்துடறான். பேப்பர் இல்லாத ஏழைதான் வாசல்ல மாட்டிக்கறான்.

24/ "காசுக்கு எங்க போறது?" நியாயமான கேள்வி, கணக்கோடவே சொல்றேன். 2022 ஜனவரியில திட்டத்தைப் புதுப்பிச்சப்ப அரசு ஒரு குடும்பத்துக்குக் கட்டற பிரீமியம் வருஷத்துக்கு 849 ரூபாய். தமிழ்நாட்டுல வருஷத்துக்குப் பிறக்கற குழந்தைங்க ஒன்பது லட்சம் அளவுல. அதுவும் குறைஞ்சுட்டே வருது.

25/ ஒரு முழுக் குடும்பத்துக்கான பிரீமியத்தை ஒவ்வொரு குழந்தைக்கும் தனியா கட்டினாலும் சுமார் 76 கோடி. பச்சைக் குழந்தைக்கு ரிஸ்க் அதிகம்னு மூணு மடங்கு போட்டாலும் 230 கோடி. இது என்னோட தோராயக் கணக்குதான், ஆக்சுவரி போட்டா கொஞ்சம் மாறும். ஆனா இதுல பெரும்பாலான குழந்தைங்க ஏற்கனவே கார்டு உள்ள வீட்டுலதான் பிறக்குது. அதனால நிஜமான கூடுதல் செலவு இன்னும் குறைவு. இது ஒரு மாநிலத்தால முடியாத தொகையா?

26/ சரி, இப்ப ரெண்டாவது கோஷ்டி. "எல்லாப் பிரசவத்தையும் கார்டுல சேர்த்து பிரைவேட்டுக்கு விடு." கேக்க இனிக்குது. இதை ஏற்கனவே ஒரு மாநிலம் செஞ்சு பார்த்தாச்சு.

27/ குஜராத்துல 2005-06 வாக்குல சிரஞ்சீவி யோஜனான்னு ஒண்ணு வந்துச்சு. ஏழைப் பெண்களுக்குத் தனியார் டாக்டர்கள் பிரசவம் பார்ப்பாங்க, அரசு மொத்தமா காசு கொடுத்துடும். ஆரம்பத்துல ஏகப்பட்ட பாராட்டு. 2014ல உலக சுகாதார நிறுவனத்தோட இதழ்ல வந்த ஆய்வு என்ன சொல்லுச்சு? மருத்துவமனைப் பிரசவம் இந்தத் திட்டத்தால குறிப்பிடும்படி கூடல. குடும்பங்கள் கையை விட்டுச் செலவு பண்றதும் குறையல.

28/ ஏன் குறையல? வார்டுல இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. "பேக்கேஜ்ல இது வராது." "இந்த ஊசி வெளிய வாங்கணும்." "டெபாசிட் கட்டுங்க, கிளைம் வந்ததும் தரோம்." காப்பீட்டு நோயாளிகிட்ட, அந்தச் சிகிச்சைக்குக் காசு வாங்கக் கூடாதுன்னு விதி இருக்கு. ஆனா வலியில துடிக்கிற பொண்ணை வெச்சுக்கிட்டு விதி பேச யாருக்கு நாக்கு வரும்?

29/ இன்னொரு பயம். காசு எந்தச் செயலுக்கு வருதோ, அந்தச் செயல் பெருகும். 2008ல வந்த ஆர்.எஸ்.பி.ஒய். காப்பீட்டுல சத்தீஸ்கர், பீகார்ல என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா? தேவையே இல்லாம பெண்களுக்குக் கர்ப்பப்பையை எடுத்தாங்க. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2023ல மாநிலங்களுக்கு உத்தரவு போட வேண்டியதாச்சு.

30/ நம்ம ஊர் சிசேரியன் கணக்கைப் பாருங்க. தேசிய குடும்ப நல ஆய்வு, 2019-21. தமிழ்நாட்டுல தனியார் மருத்துவமனைப் பிரசவங்கள்ல சிசேரியன் 63.8 சதவீதம். மூணுல ரெண்டு கத்தி. கார்டு இல்லாமலே இப்படி. கார்டும் சேர்ந்தா?

31/ நேர்மையா இதையும் சொல்லிடறேன். அதே ஆய்வுல அரசு மருத்துவமனை சிசேரியன் 36 சதவீதம். ரிஸ்க் கேஸ் எல்லாம் எங்ககிட்டதான் ரெஃபர் ஆகுதுங்கறது உண்மை. ஆனா நாட்டு சராசரி அரசு மருத்துவமனைகள்ல 14.3. நாங்க பெருமையடிச்சுக்க இதுல ஒண்ணும் இல்ல.

32/ பெருமைப்பட வேண்டியது வேற இருக்கு. தமிழ்நாட்டுல லட்சம் பிரசவத்துக்குத் தாய் மரணம் 2001-03ல 134. 2007-09ல 97. அதாவது, காப்பீட்டுக் கார்டுங்கற ஒண்ணு வர்றதுக்கு முன்னாடியே இறங்க ஆரம்பிச்சிருச்சு. 2018-20ல 54. அப்ப இந்தியாவோட சராசரி 97.

33/ இதைச் சாதிச்சது யாரு? 24 மணி நேரமும் திறந்திருந்த ஆரம்ப சுகாதார நிலையம். ராத்திரி தூங்காத ஸ்டாஃப் நர்ஸ். வீடு வீடா நடந்த கிராம சுகாதார செவிலியர். ரத்தமும் மயக்க மருந்து டாக்டரும் ராத்திரியிலும் இருந்த சீமாங்க் மையம். மருந்து தட்டாம வர வெச்ச மருத்துவப் பணிகள் கழகம். 108. ஒவ்வொரு தாய் மரணத்தையும் உக்காந்து "ஏன் செத்தா"ன்னு அலசின கூட்டம். இதுல எதுவும் பிரீமியம் கட்டி வாங்கினது இல்ல. சம்பளம் கொடுத்துக் கட்டினது.

34/ அதோட, கார்டு எப்ப வேலை செய்யும்? அட்மிஷன் போட்ட பிறகுதான். அதே ஆய்வுப்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ரத்தசோகை. ரத்தம் கம்மியா இருக்கிற பொண்ணுக்கு நாலாம் மாசம் இரும்புச்சத்து மாத்திரையும் ஊசியும் போட்டா சில நூறு ரூபாயில முடியும். விட்டா, பிரசவத்துல ரத்தப்போக்கு, ஐ.சி.யு. ஐ.சி.யு.வுக்குக் கார்டு இருக்கு. மாத்திரை சாப்பிட்டாளான்னு கேக்க ஒரு நர்ஸ் வேணும்.

35/ இப்ப என் பக்கத்துக் குப்பையையும் கிளறணும். இல்லைன்னா இந்த த்ரெட் பொய். அந்த டைல்ஸ் வேலைக்காரப் பையன் ஏன் முதல்லயே எங்ககிட்ட வரல? கேட்டேன். மாமியார்தான் பதில் சொன்னாங்க: "மூத்த பொண்ணை இங்கதான் சார் சேர்த்தோம். பட்ட அவமானம் போதும்னுதான் இவளை அங்க கூட்டிட்டுப் போனோம்."

36/ என்ன அவமானம்னு நான் கேக்கல. எனக்குத் தெரியும். வலியில கத்தற பொண்ணுகிட்ட "அப்ப தெரியலையா, இப்ப மட்டும் கத்தற"ன்னு கேக்கற நாக்கு. பையன் பிறந்தா ஒரு ரேட், பொண்ணு பிறந்தா ஒரு ரேட்னு கை நீட்டற வழக்கம். ஸ்கேனுக்குத் தேதி போட்டுத் திருப்பி அனுப்பறது. கதவு இல்லாத கக்கூஸ். எல்லா இடத்துலயும் இப்படி இல்ல, மாறிக்கிட்டும் வருது. ஆனா ஒரு தடவை பட்டவங்க பத்து வீட்டுக்குச் சொல்லுவாங்க.

37/ அதனால முதல் கோஷ்டிக்கு என் பதில்: "ஃப்ரீதானே, ஏன் வரல"ன்னு அவங்களைக் கேக்காதீங்க. எங்களைக் கேளுங்க. மரியாதையும் ஒரு மருந்துதான். அது எந்தக் குடோன்லயும் ஸ்டாக் இல்ல, நாங்கதான் கொடுக்கணும். அவங்க நகையை அடகு வெச்சது அந்த மரியாதைக்காக.

38/ அதே நேரம் இதையும் சொல்றேன். பச்சிளம் குழந்தை வார்டுல ஒரு நர்ஸ் மூணு நாலு குழந்தைக்கு மேல பார்க்கக் கூடாது. ராத்திரி ஷிப்ட்ல எத்தனை பேரைப் பார்க்கறாங்கன்னு ஒரு நாள் வந்து பாருங்க. அந்த நர்ஸ்ல பலர் ஒப்பந்த ஊழியர். நிரந்தரம் கேட்டு ரோட்டுல உக்காந்தவங்க. நானும் பகல்ல ஓ.பி. பார்த்துட்டு, நடுவுல காப்பீட்டு கிளைமுக்காகக் குழந்தையோட போட்டோ எடுத்து அப்லோட் பண்ணிட்டு இருக்கேன். மீட்டிங்ல "இந்த மாசம் எத்தனை கிளைம்"னு கேக்கறாங்க. "எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினே"ன்னு யாரும் கேட்டதில்ல.

39/ அப்ப தீர்வு என்ன? வானத்துல இருந்து எதுவும் வர வேண்டாம். ஏற்கனவே கையில ஒண்ணு இருக்கு. தமிழ்நாட்டுல ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஆர்.சி.எச். எண் கொடுக்கறோம், பிக்மி நம்பர்னு சொல்லுவாங்களே அது. பிரைவேட்ல காட்டறவங்களுக்கும் உண்டு. பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண் வேணும். பணக்காரி, ஏழை, ஒடிசாக்காரி, ரெண்டு வீட்டுக்கும் வேண்டாதவ, எல்லாருக்கும் அது உண்டு.

40/ என் கோரிக்கை ஒரே வரி: அந்த எண்தான் கார்டு.
எண் விழுந்த நாள்ல இருந்து அந்தத் தாய்க்குக் காப்பீடு. குழந்தை பிறந்த நிமிஷத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் குழந்தைக்குக் காப்பீடு. ரேஷன் கார்டு வேண்டாம், வருமானச் சான்றிதழ் வேண்டாம், கலெக்டர் ஆபீஸ் க்யூ வேண்டாம். வயசுதான் தகுதின்னு தாத்தாவுக்குச் சொன்னதைப் பேத்திக்கும் சொல்லுங்க.

41/ அதோட மூணு நிபந்தனை.
ஒண்ணு, இந்தக் காப்பீடு சிக்கலுக்கும் தீவிர சிகிச்சைக்கும். சாதாரணப் பிரசவத்தையும் கேள்வி கேக்காத சிசேரியனையும் இதுல ஏலம் விடாதீங்க.
ரெண்டு, பச்சிளம் குழந்தை வார்டுல படுக்கைக்குத் தகுந்த நிரந்தர நர்ஸ்.
மூணு, அட்டை உள்ளவங்ககிட்ட காசு வாங்கற மருத்துவமனையைப் பட்டியல்ல இருந்து தூக்குங்க. தூக்கினதை ஊருக்குத் தெரியற மாதிரி பலகையில போடுங்க.

42/ இது நடக்கற வரைக்கும், நீங்க இந்த வாரம் செய்ய வேண்டியது:
• கல்யாணமான உடனே ரேஷன் கார்டுல பேர் நீக்கல், சேர்த்தல் ரெண்டையும் முடிங்க. மொய்க் கணக்குப் பார்க்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.
• நாள் தள்ளிப்போனா 12 வாரத்துக்குள்ள செவிலியர்கிட்ட ஆர்.சி.எச். எண் வாங்குங்க. பிரைவேட்ல காட்டினாலும் வாங்குங்க.

43/ • காப்பீட்டு அட்டை இருந்தா, அதுல கர்ப்பிணி பேர் இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. இல்லைன்னா ஏழாம் மாசத்துக்குள்ள சரி பண்ணுங்க.
• முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பு. முதல் ரெண்டு பிரசவத்துக்கு உண்டு. கேட்டு வாங்குங்க. அது சலுகை இல்ல.
• தனியார்ல சேர்த்தா, முதல் நாளே ரெண்டு கேள்வி: "காப்பீடு உண்டா? குழந்தைக்கு என்.ஐ.சி.யு. தேவைப்பட்டா ஒரு நாளைக்கு எவ்வளவு?"

44/ • குழந்தை என்.ஐ.சி.யு.ல இருந்து, கையில காசு குறையுதுன்னா ஆறாவது நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க. முதல் நாளே அரசு மருத்துவமனையில பெட் கேக்கச் சொல்லுங்க. தாலிக்கொடி போன பிறகு வந்தாலும் சேர்த்துப்போம். ஆனா அதுக்கு முன்னாடியே வரலாம்.
• அட்டை இருந்தும் காசு கேட்டா 104க்கோ, காப்பீட்டுத் திட்டத்தோட 1800 425 3993க்கோ கூப்பிடுங்க. பில்லைக் கிழிச்சுப் போடாதீங்க.

45/ "அரசு ஊழியரா இருந்துக்கிட்டு இதெல்லாம் பேசலாமா?"ன்னு கேப்பாங்க. நான் எந்தக் கட்சியையும் திட்டல. ரெண்டு கட்சி வளர்த்த திட்டத்துல இருக்கிற ஓட்டையைக் காட்டறேன். அந்த ஓட்டை வழியா விழறவங்களைக் கீழ நின்னு பிடிக்கறது நாங்கதான். எத்தனை பேரைப் பிடிக்க முடியலைன்னு எங்களுக்குத்தான் தெரியும்.

46/ அந்தக் குழந்தை போன மாசம் தடுப்பூசிக்கு வந்துச்சு. எடை ஏறியிருக்கு, நல்லா இருக்கு. அப்பன்கிட்ட கேட்டேன், "கார்டுல பேர் சேர்த்தாச்சாப்பா?"
"பொண்டாட்டி பேரு வந்துடுச்சு சார். புள்ளைக்கு இன்னும் மனு போடணும். வேலைக்கு லீவு போட்டாதான் போக முடியும். வட்டி கட்டணும்ல சார்."

47/ இன்னும் அந்தக் குழந்தை எந்தக் கணக்குலயும் இல்ல. தடுப்பூசி மட்டும் போட்டுட்டேன். அதுக்கு நல்லவேளை யாரும் கார்டு கேக்கறதில்ல.

 கர்ப்பிணி இருக்கிற வீட்டுக்கு 42ல இருந்து 44 வரைக்கும் மட்டுமாவது அனுப்புங்க.